உப்புப் பார்த்த மாஸ்டர்

கிட்ட வந்து உக்காருங்க மக்கா. சாரல் உள்ள அடிக்கும், அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க. ஒரு மனுசன் நெஞ்சுக்குள்ள கெடந்த சங்கதியை அவன் வயிறு சொன்ன கதை இது.

குற்றாலத்தில் முகம்மது சலீம் கடைக்கு மணிமுத்துதான் புரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்று இருமினால் சாப்பிட வந்தவன் எழுந்து போய்விடுவான் என்று, வருகிற சளியை இருமலோடு சேர்த்து விழுங்கியே பழகிவிட்டார். ஆள் பாதியாய் இளைத்த பிறகுதான் அவர் பொண்டாட்டி முத்துவடிவு தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல். டிபியாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். சளியைச் சோதித்துப் பார்க்கலாமென்றால், மணிமுத்து துப்பிய டப்பாவில் வெறும் எச்சில்தான் விழுந்தது.

"விழுங்குனது எங்க போகும் அண்ணாச்சி, வயித்துலதானே கெடக்கும்?" என்றாள் நர்ஸ் நிர்மலாதேவி. விடியக்காலம் வெறும் வயிற்றோடு வந்தால், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்து மிஷினில் வைப்பார்களாம். டிபி கிருமி துளி கிடந்தாலும் மிஷின் கண்டுபிடித்துவிடுமாம்.

முத்துவடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிபியாகவே இருக்கட்டும் என்று இலஞ்சிக் குமாரர் கோயிலில் போய் வேண்டிக்கொண்டாள். நோயைக் கேட்டு வந்து நின்றவளை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

மறுநாள் பஸ் ஏறுமுன், லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடைக்குள் நுழைந்தார் மணிமுத்து. சால்னா கொதித்துக்கொண்டிருந்தது. கை தன்னால் கரண்டிக்குப் போயிற்று. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். உப்பு கம்மி. அள்ளிப் போட்டு, இன்னொரு தரமும் நக்கினார்.

ஏதும் சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டபோது, "சாப்பிடல தாயி, உப்புத்தான் பாத்தேன்," என்றார்.

நிர்மலாதேவி குழாயைத் திரும்ப வைத்துவிட்டாள். முத்துவடிவு பார்த்த பார்வையில் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றே அவரை வார்டில் சேர்த்துவிட்டு, கட்டில் பக்கத்தில் முத்துவடிவு போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்தாள். விடிந்ததும், அவர் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே வயிற்றுத் தண்ணீர் எடுத்தாயிற்று. அது மிஷினுக்குள் போனபிறகு லேப் வாசலை விட்டு அவள் அசையவில்லை.

மத்தியானத்துக்குள் நிர்மலாதேவி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"டிபிதான்க்கா. மாத்திரைக்குக் கேக்கும்னும் மிஷின் காட்டுது. ஆறு மாசம் விடாம முழுங்கணும். நிழலும் இதனாலதான்னு டாக்டர் சொல்லுதாரு."

முத்துவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அந்த நேரம் பார்த்து சலீம் முதலாளி போன் அடித்தார். சால்னா சரியில்லையாம், மாஸ்டர் எப்ப வருவார்?

"அவரு வாயில இப்ப மாத்திரைதான் மொதலாளி. உப்ப நீங்களே பாத்துக்கிடுங்க."

கேட்ட உங்க வீட்டிலயும் உலை கொதிக்கட்டும் மக்கா, உப்பு அளவா இருக்கட்டும். வந்த இருமலை யாரும் விழுங்காம, எல்லாரும் நூறு வயசு நல்லா இருங்க.