கிணற்றுக்கு வடக்கே பத்து எட்டு

ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்து என் வீட்டுக்காரர் கான்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறார், மோட்டாரப் போட்டிருக்கேன், தொட்டி நெறஞ்சா நிறுத்திரு, மறந்துராத என்கிறார், நான் தேங்காய் துருவிக்கொண்டே சரி என்கிறேன், இரட்டை முடிச்சுப் போடுவது அவர் வழக்கம், விளையாட்டு வாத்தியாராக முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தவர், அன்றைக்கு ஒற்றை முடிச்சோடு நிமிர்ந்தார், நிமிர்ந்தவர் அப்படியே நாற்காலியோடு சாய்ந்தார், தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது, அதை யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடக்கத்துக்கு எங்கே கொண்டுபோவது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும், அவர் பிறந்த சுனைக்குளத்துக்கு, அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில், ஆறு வருஷமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவர் முன்னாலும் நிலப் படத்தை விரித்து, இந்தா, இந்த வட்டம் இருக்குல்லா, இதுதான் கிணறு, இதுக்கு வடக்க பத்து எட்டு, அங்க எங்கம்மை, அவளுக்குப் பக்கத்துல நான் என்று விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லிவைத்திருந்தார், பால்காரருக்குக்கூடத் தெரியும்.

அவர் பிறந்த பதினோராம் நாள் அம்மா இறந்துபோனாள், ஒரு புகைப்படம் கிடையாது, எங்களில் புதைப்பதுதான் வழக்கம், சொந்தமாகப் புஞ்சைக் காடு இருந்தால் அதில், அப்படித்தான் அவளையும் வைத்தார்கள், அடுத்த இரண்டு வருஷத்தில் கிணறுகள் உப்பாகிப்போய் வீடு வீடாக ஊர் காலியானது, ஒன்பது வயது அக்கா பேராச்சி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறாள், அப்பா உப்பளத்தில் வேலைக்குப் போனார், ஊரைப் பற்றி வாய் திறக்காமலே செத்தார், மிஞ்சியது அந்த அக்காவுக்கு, என் மதினிக்கு, ஞாபகம் இருந்த அந்த ஒரு வரிதான், கிணத்துக்கு வடக்க பத்து எட்டு. ஓய்வுபெற்ற பிறகு இவர் செல்போன் மேப்பில் அந்தப் பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார், வேலிக்கருவை பச்சையாக அப்பிக்கிடக்கும், பேர் இருக்காது, காடுல்லாம் தெரியுது, ஊரத்தான் காணும் என்பார், யாரோ அவர் பையிலிருந்து எடுத்துவிட்டதைப்போல. அப்போதுதான் நான் நிலவரைபடம் என்று ஒன்று இருக்குமே என்றேன், கிளை நூலகத்தில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தாளில் இல்லாத எதுவும் இல்லை என்று ஒரு நம்பிக்கை, தாலுகா அலுவலகத்தில் பதிவறையைப் பார்த்துக்கொண்ட பெண், பேச்சிராக் கிராமம்லா அது, ஆளில்லாத ஊரு, ரிஜிஸ்டர்லாம் ஜில்லா ஆபீஸுக்குப் போயிட்டு, படம் மட்டும் கெடக்கும், பாக்கேன் என்று உள்ளே போய் ஒரு மணிநேரம் கழித்துத் தும்மிக்கொண்டே வந்தாள். அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்து அகராதியில் தேடினேன், பாரசீகத்தில் விளக்கில்லாதது என்று பொருளாம், அவரிடம் சொன்னேன், நாம போய் ஏத்துவோம் என்றார்.

தாளை எதிர்க்கடையில் நகலெடுக்க என்னிடம்தான் கொடுத்தாள், அவர் டீ குடிக்கப் போயிருந்தார், அம்மா, தாளு பெருசால்லா இருக்கு, ஓரம் விட்டுப்போகும், சுருக்கிப் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார், சுருக்கினால் எண்கள் தெரியாதே என்று நினைத்தேன், ஓரத்த விட்ருங்க, நடுவுல உள்ளது போதும் என்றேன், நான்தான் சொன்னேன். படத்தில் எங்கள் புலம் ஒரு நீள்சதுரம்போல இருந்தது, ஒரு மூலையில் மூன்று ஊர் எல்லை கூடுகிற கல், அதிலிருந்து கிழக்கே ஓடும் கோட்டின்மேல் 240 என்று எழுதி ஒரு சின்ன வட்டம், கோடு முடிகிற இடத்தில் 400. அவர் வாழ்நாள் முழுக்க நூறு, இருநூறு, நானூறு மீட்டர் என்று சுண்ணாம்புக் கோடு போட்டவர், நாடா இல்லாமல் ஓடுபாதை போடுவார், ஒரு எட்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர், கூடாது குறையாது, அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு வேறெதுவும் தோன்றியிருக்க முடியாது, எனக்கும் தோன்றவில்லை. எல்லைக் கல்லைக் கருவைக்குள் கண்டுபிடித்த அன்று அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தார், நான் படத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், முள் கிழித்த முழங்கையோடு முந்நூற்று இருபதாவது எட்டில் நின்றார், ஒரு பள்ளம் இருந்தது, உள்ளே நாலைந்து கல் கிடந்தது, தேடுகிறவனுக்கு எந்தக் காட்டிலும் ஒரு பள்ளம் கிடைக்கும், தூந்துபோன கிணறு ஏளா என்றார்.

மதினியைக் காரில் கூட்டிப்போனோம், பேராச்சி மதினிக்கு அப்போதே எழுபதைத் தாண்டிவிட்டது, சுற்றிப் பார்த்துவிட்டு, ஏலே வெயிலு, இம்புட்டுக் காடு நமக்கு இருந்துச்சுன்னா நம்மய்யா எதுக்குலே உப்பளத்துல மம்பட்டி பிடிச்சாரு என்றாள், அவருடைய பெயர் வெயிலுகந்தன், அக்காவுக்கு மட்டும் வெயிலு, ஏமாத்திட்டாங்கக்கா, முப்பது ஏக்கர், அளந்து பாத்துட்டேன், ஜமீன்க்கா நாம என்றார், ஆமா, ஜமீன்தாரு ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்திருக்காரு என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகையே சாட்சியானது, அவர் அந்த இடத்தில் வேப்பங்கன்று நட்டார். அந்த முப்பது ஏக்கரை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் சித்தப்பா வீட்டின்மேல் சந்தேகப்பட்டார், அவர்கள் வீட்டுக் கல்யாணம் இரண்டுக்கு நாங்கள் போகவில்லை, ஆனாலும் இவருக்குக் குழி வெட்டச் சித்தப்பா மகன்தான் முதலில் வந்து மண்வெட்டியை எடுத்தார், வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில், ஆறடி, கரிசல் மண் ஈரமாக இருந்தது, வெட்டச் சுலபமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

மூன்று வருஷம் கழித்துச் சோலார் கம்பெனி வந்தது, பத்துக் கிராமத்து மானாவாரியை வளைத்து வேலி போடுகிறார்கள், சமாதி இருந்தால் எழுதிக் கொடுங்கள், அந்த இடத்தை விட்டுவிடுகிறோம் என்றார்கள், நான் ஒரு சமாதி, இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்தில் என்று எழுதிக் கொடுத்தேன், அளக்க வந்த சர்வேயர் செண்பகவல்லி, என் மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் அவள் வயது, தொப்பி போட்டுக்கொண்டு முக்காலியை ஊன்றிவிட்டு என் நகலை வாங்கிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அம்மா, இதுல ஓரம் எங்க என்றாள். ஓரத்துலதான் அளவு போட்டிருக்கும், இது வெள்ளக்காரன் காலத்துச் சர்வே, எல்லாம் லிங்க்ஸ்லம்மா, மீட்டர்னு யாரு சொன்னா என்றாள், யாரும் சொல்லவில்லை, ஒரு லிங்க்னா எட்டு இஞ்சுகூட வராது, இருநூத்தி நாப்பதுன்னா நாப்பத்தெட்டு மீட்டர், அவ்வளவுதான், நீங்க நிக்கது அடுத்த புலம்கூட இல்ல, அதுக்கும் அடுத்தது என்றாள். எல்லைக் கல்லிலிருந்து நாற்பத்தெட்டு மீட்டரில் ஆட்கள் கருவையை வெட்டினார்கள், கருங்கல் வைத்துக் கட்டிய வாய் தெரிந்தது, உள்ளேயிருந்து ஒரு புறா எழும்பிப் போனது, வடக்கே பத்து எட்டில் தலைமாட்டுக்கு நட்ட ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. எவ்வளவு நிலம் என்று கேட்டேன், ஒரு ஏக்கர் இருபது சென்ட் என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவர் எனக்கு முன்னால் எண்ணிக்கொண்டே போகிறார், நாற்பத்தெட்டு மீட்டரைக் கடக்கிறார், நில்லுங்க என்று நான் கத்துகிறேன், கையில் தாள் படபடக்கிறது, அவர் திரும்பாமல் அறுபத்தஞ்சு, அறுபத்தாறு என்கிறார், விழித்தால் விடிந்திருக்கிறது, பால்காரர் மணி அடிக்கிறார்.

சமாதி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டா மாத்தணும்னா உங்க மாமியாரோட வாரிசு யாராவது கையெழுத்துப் போடணும், இல்லன்னா இங்க கம்பம் நட்ருவாங்க என்று செண்பகவல்லி சொன்னாள், மதினியிடம் மறைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தது அத்தோடு போயிற்று. மதினி மகள் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன், சொன்னேன், ஓரத்தை விட்ட கதையையும் சொன்னேன், அதை அதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் ஒரு கொத்து முழுக்க உருவி முடித்தாள், படிச்ச கழுதைய ரெண்டும் சேந்து பாத்த வேலையாக்கும் என்றாள், நீங்களும் வந்து ஆமாம்னு அழுதீங்களே மதினி என்றேன், அழத்தான் போனேன், அழுதேன், காலு கடுத்துச்சு, உக்காந்தேன், நான் எங்க ஆமான்னு சொன்னேன் என்றாள். பிறகு, எம்புட்டுத் தூரத்துல கெடக்கான் என்றாள், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்றேன், அடியில சொல்லு, அறுநூத்தி முப்பது அடி மதினி. கீரைக் காம்பைத் தரையில் போட்டாள். கூப்பிடு தூரந்தான என்றாள், எங்கம்மைக்குச் சத்தம் பெருசுளா, கிணத்து மேட்டுல நின்னு என்னைக் கூப்பிட்டான்னா கம்மாக்கரையில ஆடு திரும்பிப் பாக்கும், அவ்வளவு சத்தம், பதினோரு நாளும் படுக்கையில கெடந்தாளே, அப்பவும் குறையல, தாலாட்டுனா தெருவே தூங்காது. இதை அவர்ட்ட சொன்னீங்களா மதினி என்றேன். அவன் எடத்தத்தான கேட்டான் என்றாள், பேனாவக் குடு, எங்க போடணும்.

கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன், சித்தப்பா மகன் வீட்டுக்கும் ஒருநாள் போய்வந்தேன், முப்பது ஏக்கர் என்று ஒன்று இருந்ததில்லை என்று சொன்னேன், தெரியும் என்றார், காபி கொடுத்தார்கள். இப்போது அங்கே கண்ணுக்கு எட்டியவரை நீலத் தகடுகள் வெயிலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன, நடுவில் இரண்டு சின்ன வேலிகள், ஒன்றில் கிணறும் பலகைக்கல்லும், ஒன்றில் வேம்பு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராகப் போக முடியாது, வாசல்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனிப் பாதையில் சுற்றிக்கொண்டு போகவேண்டும், முக்கால் கிலோமீட்டர் நடை, அடுத்த வருஷம் இன்னும் ஒரு வரிசை தகடு வருமாம், பாதையை மாற்றுவார்களாம், நடை கூடலாம் குறையலாம். நேர்கோட்டில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர்.