பெட்டியோடு போன படங்கள்

என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. ஒருமுறை இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு அலுவலகம் போய், நாள் முழுக்க அப்படியே நடந்துவிட்டு வந்து, அதையும் ஏதோ சாதனை போலச் சொல்லிச் சிரித்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் போன சனிக்கிழமை தன் தங்கை வீட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் தலையைத் தூக்கவே இல்லை. தங்கையின் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். சிக்னலில் நின்றபோதுகூட என் பக்கம் திரும்பவில்லை.

கணினிக்கு நிரல் எழுதுவது அவர் வேலை. வீட்டிலும் அதே பிழைப்புதான். மவுஸைத் தொட்டால் பாவம் என்பது போல நடந்துகொள்வார். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டுவார், என்டர் அடிப்பார், எழுத்து எழுத்தாக ஓடும், கடைசியில் ஒரு செயலி தயாராகி நிற்கும். அவர் கட்டுவதெல்லாம் பெட்டிக்குள் ஓடும் செயலிகள். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எனக்கும் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார். ஒவ்வொரு செயலிக்கும் கணினியில் ஒரு மூலைதான் சொந்தமாம். அதுதான் பெட்டி. மற்ற கோப்புகள் எதுவும் அதன் கண்ணுக்கே தெரியாது. வெளியே எதையாவது தொட வேண்டுமென்றால், கட்டும்போதே அதற்கு அனுமதி எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி குறையக் குறைய நல்ல செயலி. அவருடைய செயலிக்கு ஒரு அனுமதியும் கிடையாது என்பதில் அவருக்கு அப்படியொரு வீராப்பு.

இந்தச் செயலியை அவர் தங்கைக்காகவே கட்டினார். என் நாத்தனார் படம் வரைகிறவள். குழந்தை பிறந்தபிறகு வேலையே இல்லாமல் இருந்தவளுக்கு, நர்சிங் பாடப்புத்தகம் ஒன்றுக்குப் படம் வரையும் வாய்ப்பு கிடைத்தது. எலும்பு, நரம்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் வரைந்து, பக்கத்தில் பெயர் எழுதிக் கோடு இழுக்க வேண்டும். படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் பெயர்களும் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு உயிரை வாங்கும். அவர் கட்டிய செயலியில் எல்லாம் தானாக ஒதுங்கி உட்காரும். அதைப் பார்த்து அவள் கண் கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்குத் தங்கைமேல் உயிர்.

உயிர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காதே. சின்ன வயதில் அவள் ஒரு ரேடியோவையும் ஒரு இஸ்திரிப் பெட்டியையும் கெடுத்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் பெயர் பூகம்பம். அவள் அறைக்குள் வந்தாலே, "பூகம்பம் வருது, எல்லாத்தையும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்பார். செயலியைக் கொடுத்த அன்று, படங்களை ஒரு காப்பி வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வழி உண்டா என்று அவள் கேட்டாள். அதற்கு வெளியே எழுதும் அனுமதி வேண்டும், அனுமதி கொடுத்தால் பெட்டி எதற்கு என்று சொல்லிவிட்டு, உன் கை படாமல் இருந்தாலே அது பத்திரமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

ஆனால் படங்களைப் பதிப்பகத்துக்கு அனுப்பித்தானே ஆக வேண்டும்? அனுப்புவதற்காவது வெளியே எடுக்க வேண்டுமே என்று கடைசியில் அவர் இறங்கி வந்தார். புதிதாக ஒரு பொத்தான் வைத்து, அந்த ஒரு அனுமதியை மட்டும் எழுதி, செயலியை மறுபடி கட்டினார். அதைப் போட்டுக் கொடுக்கத்தான் சனிக்கிழமை போனோம்.

நான் கட்டிலில் உட்கார்ந்து நாத்தனாரின் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இவர் மேஜையில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் சில வரிகள் தட்டினார். முடிந்தது என்றார். செயலியைத் திறந்தார். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நாத்தனார் டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். டம்ளரை வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். பிறகு அவளே பேசினாள்.

"நான்தான் ஏதோ அழுத்திட்டேன் போல அண்ணா. காலைல இவ அழுதான்னு அவசரமா மூடினேன். இல்லன்னா இவதான் கீபோர்டுல கைய வெச்சிருப்பா."

அவர் கணினியை மூடினார். எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மடிக்கணினியைப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவர் பையை அங்கேயே போட்டுவிட்டுக் கணினியை மட்டும் உருவிக்கொண்டு கிளம்பினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போனவர் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. நான் ரசீதுகளை அடுக்குவதுபோல இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன். என்னைக் கண்டதும் திரையைச் சாய்த்துக்கொண்டார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் சமையலறைக்கு வந்தார். கையில் போன். தங்கையின் குரல்செய்தி. எனக்குப் போட்டுக் காட்டினார்.

"அண்ணா, நீ ரொம்ப மெனக்கெடாத. பதிப்பகத்து அம்மாகிட்ட பேசிட்டேன். நானே கவனமில்லாம அழிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். வேற ஆள்கிட்ட குடுக்கறதப் பத்தி யோசிக்கறாங்களாம். பரவாயில்ல, என் ராசி அப்படி. உன் செயலிமேல ஒரு குறையும் இல்லன்னு சொன்னேன்."

கடைசி வாக்கியம் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அவ அழிக்கல. நான்தான் அழிச்சேன்" என்றார்.

பிறகுதான் எல்லாம் வந்தது. அவர் தன் கணினியில் ஒவ்வொரு முறை செயலியைக் கட்டியதும், பழையதைப் பெட்டியோடு சேர்த்து அழித்துவிட்டுத்தான் புதிதைப் போடுவாராம். பழைய மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் சோதனை சரியாக வராதாம். அதற்கென்று ஒரு கட்டளை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டுவார். அதே கட்டளையைத் தங்கையின் கணினியிலும் தட்டியிருக்கிறார். அவள் படங்கள் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. வெளியே ஒரு காப்பிகூட இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டதும் இவர்தான்.

என்டர் அடித்த அடுத்த நொடியே தெரிந்துவிட்டதாம். பிறகு அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படியாவது திரும்ப எடுத்துடலாம்னு பாத்தேன். எடுத்துட்டா யாருக்கும் சொல்லவே வேண்டாமேன்னு நெனச்சேன்."

எனக்கு அவரைவிட வெட்கமாக இருந்தது. மறதி யாருக்கும் வரும், கடையில் நானே மாத்திரையை மாற்றி எடுத்துப் பாதியில் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் தன்னைத்தானே திட்டிக்கொள்வதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு நிற்க எப்படி மனம் வந்தது? இப்படி ஒரு ஆளுக்கா இத்தனை நாள் பெருமையாகக் குழம்பு ஊற்றினேன் என்று இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். படங்கள் கிடைக்குமா என்றேன். கிடைக்காது என்று தலையாட்டினார். அப்படியென்றால் காலையில் முதல் வேலை அவள் வீட்டுக்குப் போவதுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நாத்தனாரின் கண்கள் வீங்கியிருந்தன. மேஜைமேல் தாளைப் பரப்பி, தன் இடது கையையே வைத்துப் பார்த்துப் பென்சிலால் விரல் எலும்புகளைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, அண்ணனை அலைய வைத்துவிட்டேனே என்று மறுபடியும் ஆரம்பித்தாள். இவரோ பெட்டி எப்படி வேலை செய்கிறது, அனுமதி என்றால் என்ன என்று சுற்றி வளைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். நான் தொண்டையைச் செருமினேன்.

"நீ எதையும் அழிக்கல" என்றார். "பழசை எடுக்கும்போது பெட்டியையும் சேத்து அழின்னு நான்தான் கட்டளை குடுத்தேன். நீ டீ கொண்டு வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எதையும் அழுத்தலையா?"

"இல்லம்மா."

"நிஜமாவே நான் ஒண்ணும் பண்ணலையா அண்ணா?"

அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வேலை போகும் நிலையில் இருக்கிறது, படங்கள் போயே போய்விட்டன, அவளுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவரும் அதைக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவரே அவள் போனை வாங்கிப் பதிப்பகத்து அம்மாவைக் கூப்பிட்டார். தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததைச் சொல்லி, தங்கைமேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அந்த அம்மா நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். இவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று நின்றார். கடைசியில், கை பற்றிய பாடத்தை மட்டும் நாத்தனாரே வரையலாம், மற்ற பாடங்களை நேற்றே வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள். அதாவது இவர் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு சாயங்காலத்தில். நாத்தனார் சரி என்று தலையசைத்தாள்.

அவர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேஜையில் வைத்தார். அப்போதுதான் உள்ளறை வாசலில் குழந்தை நிற்பதைக் கவனித்தோம். மாமாவைக் கண்டால் ஓடி வந்து தோளில் தொற்றிக்கொண்டு, பையைத் துழாவிவிட்டுத்தான் இறங்குவாள். அன்று வாசற்படியைத் தாண்டவில்லை.

"நேத்து நீங்க போனப்புறம் அவளை அடிச்சிட்டேன்" என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "கீபோர்டத் தொட்டான்னு அவ கைமேலயே அடிச்சேன்."

அவர் எழுந்து போய்க் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, வா என்று கையை நீட்டினார். அவள் மேஜைமேல் இருந்த கணினியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

"நான் தொடல மாமா" என்றாள்.