மூளையில் இடமில்லை

பி.எட். கல்லூரியில் உளவியல் நடத்தத் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. மூளையைப் பற்றி என்னதான் தொண்டை கிழியக் கத்தினாலும், விடைத்தாளில் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் எழுதுகிறார்கள். மூளையில் பத்து சதவீதம்தான் வேலை செய்கிறதாம். மீதித் தொண்ணூறும் லீவில் போயிருக்கிறதா? திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது.

போன வாரம் பயிற்சி வகுப்பைப் பார்வையிடக் கெலமங்கலம் போனேன். என் மாணவி மோகனப்ரியா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். மணி அடித்ததும், வாசலில் காத்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். முதல் பெஞ்சில் இருக்கும் அருணாவின் அம்மா, வெள்ளையம்மா. தக்காளித் தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவை ஓரமெல்லாம் மண்.

"டீச்சர், ரெண்டு மாசம் ஆச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே பொண்ணுகிட்ட தெலுங்கு பேசறதில்லீங்க. தமிழ்ல எனக்கு சாப்புடு, தூங்கு, அவ்ளோதான் வருது. இன்னும் எத்தன நாளைக்குங்க?"

நான் மோகனப்ரியாவைப் பார்த்தேன். அவள் பெருமையாகவே சொன்னாள்.

"வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், இங்கிலீஷ். இத்தன பாஷை மூளைய அடைச்சிக்கிட்டா கணக்குக்கு எடம் ஏது மேடம்? அதான் வீட்ல தெலுங்கு வேணாம்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூளை என்ன பீரோவா? யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"பரீட்சையில இதத்தான் மேடம் எழுதினேன். நீங்க முழு மார்க் போட்டீங்க."

போட்டிருப்பேன். எண்பது தாள், பக்கம் நிறைந்திருந்தால் போதுமென்று டிக் அடித்துத் தள்ளியிருப்பேன். சே, என்ன பிழைப்பு இது!

எனக்குத் தெரிந்த தெலுங்கில் வெள்ளையம்மாவிடம் சொன்னேன். தப்பு எங்கள் மேல்தான், மூளையில் இடப் பஞ்சமே கிடையாது, உங்கள் மகளோடு உங்கள் பாஷையிலேயே வாய் நிறையப் பேசுங்கள் என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு தெலுங்கில் கடகடவென்று ஆரம்பித்தாள். ஏன் இளைத்துவிட்டாய், ராத்திரி ஏன் அழுதாய், யாரோடு சண்டை என்று ரெண்டு மாதமாகக் கேட்க முடியாததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டாள்.

அருணா பதறிப்போய் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"பேசாதம்மா," என்றாள், தமிழில். "இப்பத்தான் எனக்கு வகுத்தல் கொஞ்சம் வருது."