ஐந்து விரல் உயரத்தில் வடக்கு வெள்ளி

றிஷானாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது கிண்ணியாவில் அவள் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பழம்பொருள் கண்காட்சி நடத்திய பாக்கியரத்தினத்துக்கு மட்டும் தெரியாமல் போயிற்று, பாவம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் வீட்டுக் கிதாபும், முடிச்சுகள் போட்ட நூல் கோத்த சின்னப் பலகையும் இருந்தன. பெட்டியில் ஒட்டிய அட்டை சொன்னது: 'சமய நூலும் தாயத்துப் பலகையும்.'

"சேர், இது ஓதுற கிதாபு இல்ல. கப்பலோட்டுற கிதாபு எண்டு எழுதித்தானே தந்தனான்?"

"அறபு எழுத்தில கிடக்கே, ரீச்சர்."

"எழுத்துத்தான் அறபு. வாசிச்சா தமிழ்."

அவரை மட்டும் நொந்து என்ன பயன்? அவள் வீட்டாரே மூன்று தலைமுறையாக அதைப் பிரிக்காமல் முத்தமிட்டு அலுமாரிக்கு மேல் வைத்தவர்கள்தான். கைகால் முகம் கழுவி வுழூச் செய்யாமல் தொடவும் விடமாட்டார்கள். போன வருடம் கறையான் தட்டப்போய் அவள்தான் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே துறைமுகங்களின் பெயர்களும், வடக்கு வெள்ளி என்ற துருவ நட்சத்திரத்தின் உயரங்களும் இருந்தன. அன்று வந்த வெட்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அட்டைய மாத்துங்க."

"இப்ப ஏலாது. பிரதம விருந்தாளி வாற நேரம். மாசக் கடைசியில கண்காட்சி முடிஞ்சாப் பிறகு பார்ப்பம்."

முடிந்த பிறகு யாருக்கு அட்டை? நட்சத்திரத்தை அளந்து கடல் கடந்தவர்களைத் தாயத்துக் கட்டிப் போனவர்கள் என்று ஊரே நம்பிவிட்டுப் போயிருக்கும். றிஷானா நகத்தால் அட்டையைக் கிளப்பினாள், நாலாகக் கிழித்தாள், கைப்பைக்குள் போட்டாள். பெட்டியைத் திறந்து கிதாபை எடுத்தபோது விருந்தாளி வாசலில் நின்றார். பாக்கியரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"இதென்ன புத்தகம்?" என்றார் விருந்தாளி.

பதிலுக்கு அவள் உரத்து வாசித்தாள்: "திருகோணமலைத் துறைக்கு வடக்கு வெள்ளி ஐந்து விரல் உயரம். அதற்குரிய முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைக்கப் பலகையை நீட்டி, அதன் கீழ் விளிம்பைக் கடலும் வானும் தொடும் விளிம்பில் வை. மேல் விளிம்பில் வெள்ளி நின்றால் நேரே மேற்கே பிடி. துறை வரும்."

விருந்தாளி பலகையைக் குனிந்து பார்த்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார். வாசித்தாள்.

அவர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்ததும் பாக்கியரத்தினம் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"அட்டையில்லாம இது என்னெண்டு ஆக்களுக்கு எப்பிடி விளங்கும், ரீச்சர்?"

"நான் சொல்லுவன்."

"மாசக் கடைசி வரைக்குமோ?"

"ஓம். பள்ளிக்கூடமும் லீவு. ஒரு கதிரை எடுத்துத் தாங்க."