ஆறு நம்பர்

விளையாட்டு விற்கும் அந்தக் கடை என் கைப்பேசிக்குள் இருக்கிறது. அதற்கு நான் எழுதிய புகார்களைச் சேர்த்தால் ஒரு நாவல் தேறும். படிக்கத்தான் ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

பகலெல்லாம் நானும் ரஹீமும் மெஷினை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தேயிலை வெட்டுவோம். அவன் வங்காளதேசத்துக்காரன். எங்களுக்குப் பொதுவாக ஐம்பது மலாய்ச் சொற்கள் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டு, கைப்பேசியில் முட்டைக்கோஸ் நடுவேன். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நிஜ முட்டைக்கோஸ் போடுகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்து லைனில் வரிசையாக எட்டு வீட்டிலும் ஆள் இருந்தது. தானா ராத்தா டவுனில் ஃபோன் விற்றவர், அந்த விளையாட்டுக் கடையில் ஆளுக்கொரு அக்கவுண்ட் திறக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு சசிரேகா ஒத்துக்கொள்ளவில்லை.

"எட்டு வீட்டுக்கும் ஒரே பைப்புதான். இதுக்கு மட்டும் எதுக்கு எட்டு?"

ஒருவர் ஒரு விளையாட்டை வாங்கினால் எட்டு வீடும் விளையாடலாம். நியாயமாகத்தான் பட்டது. அன்று சார்ஜ் மிச்சமிருந்தது என் ஃபோனில் மட்டும் என்பதால், என் நம்பரில் திறந்தார்கள்.

பிறகு சசிரேகா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். லிங்கேஸ்வரன் லோரி ஓட்ட ஜொகூர் போனான். ஒவ்வொரு கதவாகப் பூட்டு விழுந்து, இப்போது லைனில் நான் மட்டும். ஆனால் அக்கவுண்ட் பிரியவில்லை. யார் எங்கிருந்து உள்ளே நுழைந்தாலும் கடை ஆறு நம்பர் கேட்கும். அது என் ஃபோனுக்கு வரும். வாரத்தில் நாலு நாள் அழைப்புதான்.

"அண்ணே, நம்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சு. நாலு, ஏழு, ஏழு..."

"சரிண்ணே. சாப்டீங்களா? வச்சிர்றேன்."

சரிவில் மெஷினின் மறுமுனையைப் பிடித்தபடி ரஹீம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்கு எழுதினேன்: "நான் தேயிலை வெட்டுகிறவன். உங்கள் டெலிஃபோன் ஆபரேட்டர் இல்லை. ஒருமுறை நம்பர் கொடுத்தவரிடம் மறுபடி கேட்காதீர்கள். இந்த யோசனை இலவசம்."

என் வாழ்நாளில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. கடை கேட்டது. அடுத்த அப்டேட்டில், ஆலோசனைக்கு நன்றி என்ற வரியோடு, நம்பர் கேட்பதை நிறுத்திவிட்டது.

முதல் வாரம் நிம்மதி. இரண்டாம் வாரம் ஃபோன் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, ரஹீமைக் கூப்பிடச் சொன்னேன். அடித்தது. மெஷினின் அந்தப் பக்கம் நின்று அவன் "ஹலோ" என்றான். இந்தப் பக்கம் நின்று நானும் "ஹலோ" என்றேன். மேற்கொண்டு சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை. தீபாவளிக்கு எல்லோரும் விளக்குப் படம் அனுப்பினார்கள். எல்லாம் ஒரே படம்.

நானே கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். "என்னண்ணே, ஏதாச்சும் அவசரமா?" என்று சசிரேகா பதறினாள். அவசரம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியாமல் கைபட்டுவிட்டது என்றேன். பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதைத்தான் நான் கடைக்கு இலவசமாகக் கொடுத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை செட்டிங்கை நோண்டும்போது ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று.' அழுத்தினால் யாருடைய விளையாட்டும் பாழாகாது. ஆனால் எல்லோரும் மறுபடி நம்பர் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஐம்பத்திரண்டு வயது ஆள் செய்யும் காரியமா இது. அழுத்தினேன்.

ஃபோனை மேசையில் வைத்தேன். டீ போடப் போனால் தூள் தீர்ந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவன் வெளியே சொல்லக்கூடாத விஷயம். மைலோ கலக்கினேன். அரை மணி நேரம் போனது. மைலோ ஆறி ஆடை கட்டியது. ஒருத்தரும் இப்போது விளையாடுவதே இல்லையோ என்னவோ.

பிறகு ஃபோன் அடித்தது. சசிரேகா.

"அண்ணே, என்னான்னு தெரியல, வெளிய தள்ளிருச்சு. நம்பர் வந்துச்சா?"

"வந்துருக்கு லா. இரு, கண்ணாடியத் தேடுறேன். பாப்பா நடக்குதா?"

"ஓடுதுண்ணே. நம்பர்?"

"ஒம்பது. பல்லு வந்துருச்சா?"

"நாலு."

"என்ன நாலு? நம்பர்ல நாலே இல்ல."

"பல்லுண்ணே. அடுத்தது சொல்லுங்க."

"ரெண்டு. கிள்ளான்ல மழையா?"

"அண்ணே, நீங்கதான் தள்ளிவிட்டீங்களா?"

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது.

"மூணு," என்றேன்.

"அந்த நம்பர் ரெண்டு நிமிசத்துல செத்துரும்ணே."

"செத்துருச்சும்மா."

"சரி, இன்னொண்ணு அனுப்பச் சொல்றேன். வைக்காதீங்க. பாப்பாகிட்டப் பேசிட்டிருங்க."

பாப்பா மூச்சு விட்டது. ஃபோனை நக்கியது என்று நினைக்கிறேன். நான் முட்டைக்கோஸைப் பற்றிச் சொன்னேன்.

அன்று இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தும் லிங்கேஸ்வரன் கூப்பிடவில்லை. விளையாட்டை விட்டிருப்பான்.

விளக்கைப் போட்டுவிட்டுக் கடைக்கு மறுபடி எழுதினேன்: "ஐயா, ஆறு நம்பர் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதவில்லை. அரை மணி நேரமாவது கொடுங்கள். முடிந்தால் எட்டு நம்பராக ஆக்குங்கள்."