வேல்மயில் படித்த முகம்

கிழக்கு ஜன்னல். காலை வெயில். சுவரில் ஒட்டிய பழுப்புத் தாளில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு நிழல். நெற்றி, மூக்கு, முன்னால் தூக்கி நிற்கும் உதடு.

நிழலின் ஓரமாகத் தையல் சாக்கட்டி ஊர்ந்தது. "வாயை மூடிக்கிட்டு நில்லு, அசையாத," என்றான் வேல்மயில். செண்பகவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கழுகுமலை நூலகத்தில் வேலை. எத்துப்பல். பல் முளைத்த நாளிலிருந்து இரண்டு உதடும் தாமாகத் தொட்டுக்கொண்டதில்லை.

தூக்கத்தில் வாய் திறந்தே கிடக்கும். விடிந்தால் நாக்கு வறண்டிருக்கும். போட்டோ என்றால் கை முந்தானையைத் தேடும். ஒரே ஒருமுறை, சிரமப்படாமல் வாயை மூடிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"பேரன் பேத்தி எடுக்குற வயசுல பல்லுக்குக் கிளிப்பா?" என்றாள் நாத்தனார். நாத்தனார் வாய்க்குப் போடும் கிளிப் எந்த டாக்டரிடமும் இல்லை.

வேல்மயில் அவள் புருஷன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை. ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவன் காதைக் கொண்டுபோய்விட்டது, பேச்சை மட்டும் விட்டுவைத்தது. பதினோரு வருடமாக அவள் வாயைப் பார்த்தே அவளைக் கேட்கிறான். பஜாரின் அந்தக் கோடியில் நின்று அவள் முணுமுணுத்தாலும் பிடித்துவிடுவான்.

நாலு பல்லை எடுத்து, கிடைத்த இடத்தில் முன்பல்லைப் பின்னால் இழுக்க வேண்டும் என்றாள் டாக்டர். சின்னப் பெண்.

"உதடும் கூடவே போயிருமா டாக்டர்?"

"பல்லு போற அளவுக்குப் போகாதுக்கா. கொஞ்சம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். வளர்ற பிள்ளைங்களுக்கு மூக்கும் நாடியும் சேர்ந்து வளரும். உங்க வயசுல இனிமே வளராது, இருக்குற சதைதான். கன்னம் கொஞ்சம் ஒட்டினாலும் ஒட்டும்."

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. எலும்பில் ஊன்றிய பல் நகருமாம். மேலே போர்த்திய சதை யோசித்து யோசித்துப் பின்னால் வருமாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும்தான் வேல்மயில் அந்தத் தாளை ஒட்டினான். மாதம் பிறந்தால் ஒரு கோடு.

ஆடியில் ஒரு கோடு. ஆவணியில் ஒரு கோடு. ஐப்பசியில் மழை. வெயில் இல்லை, அதனால் கோடும் இல்லை.

பல் நகர்ந்தது. உதடு பின்னால் போனது. மறுபடி ஆடி வந்தது. பல் நகர்ந்தது. உதடு பின்னால் போனது. மூக்கு இருந்த இடத்திலேயே இருந்து, கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தது.

பஸ் கண்ணாடியில் பார்த்தாள். கரண்டியின் முதுகில் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தை. நூலகத்தில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கவனித்தாள். வாய் மூடியிருந்தது. அவள் மூடவில்லை. தானாக மூடியிருந்தது. யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதாள்.

அந்த வாரம்தான் வேல்மயில் "என்ன?" என்று கேட்கத் தொடங்கினான்.

சோறு போடும்போது, "என்ன?" கடை வாசலில், "திரும்பச் சொல்லு." இத்தனை வருடத்தில் அவளிடம் கேட்காத கேள்வி. அவள் மெதுவாகப் பேசினாள். வாயை அகலத் திறந்து, எழுத்து எழுத்தாகப் பேசினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டுத் தலையாட்டத் தொடங்கினான். பேச்சுப் பிடிபடாத வாடிக்கையாளர்களுக்கு ஆட்டும் தலை அது. அவளுக்கு ஒருநாளும் ஆட்டியதில்லை.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிவிட்டேனே என்று இருந்தது அவளுக்கு. வாய் மூடியது. வீடும் மூடிக்கொண்டது.

மாசி முதல் தேதி. தாளில் கோடு போட்ட பிறகும் வேல்மயில் நகரவில்லை. முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் விரல் உதட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. முதல் கோட்டில் மோவாய் மேலேறிப் புடைத்திருந்தது. கடைசிக் கோட்டில் வழவழவென்று இறங்கியது.

"இங்கதான்," என்றான். "நான் உன் உதட்டைப் பார்க்கவே இல்ல செண்பகம். இம்புட்டு நாளும் உன் நாடியைத்தான் பார்த்திருக்கேன்."

எட்டாத உதட்டை எட்ட வைக்க மோவாய்ச் சதைதான் மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா என்றாலும் அப்பளம் என்றாலும் அது சுருங்கும். ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழி விழும். அவளுக்கே தெரியாது. இப்போது உதடு தானாகத் தொட்டுக்கொள்கிறது. மோவாய்க்கு வேலை இல்லை.

அவள் உடனே மோவாயை வேண்டுமென்றே சுருக்கிப் பேசிக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அந்த மோவாயைக் கையில் ஏந்திக்கொண்டான்.

"வேண்டாம். அது பாவம், போதும். நீ எப்பவும்போலப் பேசு. புதுசை நான் படிச்சுக்கிடுதேன்."

தினமும் அரை மணி நேரம். அவள் செய்தித்தாள் வாசிப்பாள், அவன் திருப்பிச் சொல்வான். பங்குனியில் பத்து வார்த்தைக்கு நாலு சரியாக வந்தது. சித்திரையில் ஆறு. அவன் சலிக்கவில்லை. மிச்ச நாலு வராமலே போய்விட்டால் என்ற பயம் அவளுக்குத்தான் இருந்தது. பயந்து பயந்து, மறுபடியும் மெதுவாகவே பேசினாள்.

வைகாசியில் ஒரு காலை, கோடை மழை கொட்டியது. அவன் குடை பிடித்து வந்து அவளைக் கழுகுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தெருவைக் கடந்து கடை வாசலுக்குப் போய்விட்டான். பஸ் கிளம்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலை அடுப்பில் வைத்தது வைத்தபடி வந்துவிட்டாள். போனும் அடுப்பங்கரையில் கிடக்கிறது.

ஜன்னல் சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. கண்ணாடியோடு ஒட்டிக் கையை வீசி ஆட்டினாள். அசைவு கண்ணில் பட்டு அவன் நிமிர்ந்தான்.

"ஏங்க, பாலை அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன், கூறுகெட்டவ, ஓடுங்க!"

ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மெதுவாகப் பேச வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவன் தலையாட்டவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றான்.

பிறகு குடையைக் கீழே போட்டான். கைலியை மடித்துக் கட்டினான். வீட்டுத் திசையில், மழைக்குள், தலைதெறிக்க ஓடினான்.

"என்னம்மா, கோவிச்சுக்கிட்டு ஓடுறாரா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"இல்லக்கா," என்றாள் செண்பகவல்லி. "அவருக்குக் கேட்டுருச்சு."