மகாராணியின் சீம்பால்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. அண்ணன்தான் சொன்னார்: "எழுதியே ஆகணும்னா கதையா எழுதிக்கோ. ரிப்போர்ட்ல எழுதாத." அவருக்கு மாட்டுப்பண்ணை. எனக்குக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. அண்ணன் சொல் தட்டாத தங்கை நான், ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: பனி விலகாத காலையில் பசுக்கள் அசைபோட்டபடி...

(வேண்டாம். இந்தக் கதை சாணத்தில் தொடங்குகிறது. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.)

ஐந்து மாட்டுச் சாணத்தை ஒரே குப்பியில் கலந்து சோதிப்பது எங்கள் வழக்கம். கிருமி இல்லையென்றால் ஐந்துக்கும் சேர்த்து வேலை முடிந்தது. இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அண்ணன் பண்ணையின் மூன்றாம் குப்பியில் இருந்தது. குடலில் வருஷக்கணக்காக ஒளிந்திருந்து, பிறகு மாட்டைக் கழிச்சலிலேயே உருக்கிவிடும் கிருமி.*

* மருந்து கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கதையும் கிடையாது.

3

அந்த ஐந்தில் எலும்பி என்றொரு பசு. பெயரே போதும்.

"அவதானே?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

"அவளாத்தான் இருக்கும்" என்றேன்.

(இந்த வரியை நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் திரும்ப எழுதினேன். சொன்னது நான்தான்.)

தனித்தனி முடிவு வருமுன்பே எலும்பியை லாரியில் ஏற்றிக் கசாப்புக்கு அனுப்பிவிட்டார்.

முடிவு வந்தது. எலும்பிக்கு வெறும் வயிற்றுப்புழு. கிருமி இருந்தது மகாராணிக்கு. பண்ணையிலேயே கொழுத்தவள், அதிகம் கறப்பவள். இந்த வருஷத்துக் கன்றுகள் ஒன்பதும் அவளைப் போலவே வர வேண்டுமென்று, அவள் சீம்பாலை ஃப்ரீசரில் உறையவைத்து ஒவ்வொன்றுக்கும் புட்டியில் ஊட்டியிருந்தார் அண்ணன். கிருமி பாலிலும் இறங்கும்.

4

"கன்னுங்களையே டெஸ்ட் பண்ணிப் பாரு. ஒண்ணும் வராது."

"வராதுண்ணா. ரெண்டு வருஷத்துக்கு வராது. அதுதானே பிரச்சினையே!"

"கன்னு வாங்க வர்றவர்கிட்ட நாம பொய்யா சொல்லப்போறோம்? சும்மா இருக்கப்போறோம், அவ்வளவுதான்."

"நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி எலும்பி போயாச்சு. இனி வாயை மூடிட்டு வேற இருக்கணுமா?"

"நீயெல்லாம் கூடப்பிறந்தவளா?"

அழுகை வந்தது. அழுதுகொண்டே அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

5

முடிவு ஒன்று: அண்ணன் மனம் மாறி, வாங்க வருகிறவரிடம் தானே எல்லாவற்றையும்...

(நம்புகிறீர்களா? நானும் இல்லை.)

முடிவு இரண்டு: நான் அறிக்கையைத் திருத்த, அண்ணன் என் தலையைத் தடவி...

(கை வரவில்லை. வராது.)

அறிக்கையை உள்ளது உள்ளபடி எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கிழித்துப் போடலாம். கதையாக எழுத அவரே அனுமதி கொடுத்துவிட்டாரே, இதை என்ன செய்வார்?

நாளைக் காலை கன்று வாங்க வண்டியோடு கிளம்புகிறவரே, இவ்வளவு நேரம் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதும் துள்ளிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. கதைதானே என்று ஏற்றிக்கொண்டு போவீர்களோ, மகாராணியின் அறிக்கையைக் காட்டச் சொல்வீர்களோ, மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

யார் சொன்னது என்று அண்ணன் கேட்டால் மறைக்க வேண்டாம். உங்கள் தங்கச்சி என்று சொல்லுங்கள்.